ஒரு மாசம் முந்தி வந்த ரயிலு

எங்க அண்ணி தாட்சாயணிக்கு மனசுல ஒண்ணு தோணிச்சுன்னா அத அன்னிக்கே செஞ்சி முடிக்கணும். விஜயபுரத்துலருந்து எங்க வூட்டுக்கு மருமவளா வந்த மூணாம் நாளே, கோணலா இருக்குதுன்னு சொல்லி அடுப்ப இடிச்சிட்டு புதுசா போட்டுது. அன்னிக்கு மத்தியானம் வூட்ல எல்லாரும் பட்டினி. அந்த மாதிரி ஆளு.

அதோட பொண்ணு மனோரமாவுக்கு அறுவதாம் வருசம் பங்குனியில அஞ்சு வயசு முடியுது. வெளையாட ஒரு புள்ள இல்ல. ஏன்னு கேளுங்க. நகரி பக்கத்துல எங்க ஊரு. தமிழு வூடுங்களும் இருக்குது, தெலுங்கு வூடுங்களும் இருக்குது. எங்க தெருவுல புள்ளைங்க இருக்கிற வூடெல்லாம் தெலுங்கு வூடு தான். எல்லைத் தகராறு நடந்தப்ப எங்க அண்ணன் கோவர்த்தனன் மதராசோட சேரணும்னு கூட்டத்துல பேசிச்சு. பக்கத்து வூட்டு நாகபூஷணம் ஆந்திராவுலயே இருக்கணும்னு பேசினாரு. டீக்கடையில ரெண்டு பேரும் சட்டையப் புடிச்சிக்கினாங்க. திருத்தணி அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம்னு மேல இருக்கிறவங்க பேசி முடிச்சிட்டாங்க. இவங்க சண்ட மட்டும் முடியல. பெரியவங்க பேசலன்னா போவட்டும், புள்ளைங்களக் கூட அண்ட வுடலியே! அத நெனச்சா எனக்கு இப்பவும் வவுறு எரியுது.

மனோ தனியா வரப்புல குந்திக்கினு ரேணிகுண்டா போற ரயிலப் பாத்துக்கினு இருக்கும். அதுல ஏறினதே இல்ல. தை கடசியில ஒரு நாளு, "யம்மா, என் பொறந்த நாளுக்கு நம்ம வூட்ல ரயிலு வுடணும். எல்லா புள்ளைங்களும் ஏறணும்"னு கேட்டுச்சு.

எங்க பக்கம் பொறந்த நாளுன்னா தலைக்கு எண்ண வச்சி, பாயசம் பண்ணி, கோயிலுக்குப் போயி வந்தா முடிஞ்சிச்சு. வூட்ல ரயிலு வுடறதாம்! நான் சிரிச்சேன். அண்ணி சிரிக்கல. குடத்த இடுப்புல வச்சிக்கினு நேரா கெணத்துக்குப் போச்சு. அங்க நாகபூஷணத்தோட சம்சாரம் வெங்கடலட்சுமி தண்ணி எறச்சிக்கினு இருந்தா. ஒரு காலத்துல ரெண்டு பேரும் வதினா, வதினான்னு, தெலுங்குல அண்ணி மொற வச்சி கூப்ட்டுக்கினு, ஒட்டிக்கினு திரிஞ்சவங்க தான்.

"வதினா, பால்குண மாசம் ரோகிணி அன்னிக்கு பாப்பாவுக்குப் பொறந்த நாளு. வூட்ல ரயிலு வெளையாட்டு வக்கிறோம். புள்ளைங்கள அனுப்பு"ன்னு அண்ணி தெலுங்குல சொல்லிச்சு. வெங்கடலட்சுமி கேட்டுக்கினே குடத்தத் தூக்கிக்கினு போயிட்டா.

"வர மாட்டா, சுந்தரி"ன்னு அண்ணி வந்து என்கிட்ட சொல்லிச்சு. கண்ணு கலங்கிப் போயிருந்துச்சு. பங்குனிக்குத் தான் நாளு கெடக்குதேன்னு அதோட வுட்டுட்டோம்.

மாசி இருவதோ இருவத்தொண்ணோ, வெள்ளிக்கெழம. மத்தியானம் சாப்ட்டுட்டு நானும் அண்ணியும் வாசல்ல வெதைக்கு வேர்க்கடல ஒரிச்சிக்கினு இருக்கோம். தலையெல்லாம் தூசி. நிமுந்து பாத்தா, பட்டுப்பொடவ கட்டிக்கினு வெங்கடலட்சுமி நிக்கிறா! கையில பழத்தட்டு. பின்னால எங்க தெரு புள்ளைங்க ஒம்போது பேரு, எண்ண தடவி, பூ வச்சி, வெளுத்த துணி போட்டுக்கினு.

"இன்னிக்கு இல்ல..."ன்னு நான் வாயத் தொறந்தேன். அண்ணி என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளிச்சு பாருங்க, ஒரு வாரம் கருத்துக் கெடந்துச்சு.

"வா வதினா, வா வா! உங்களத் தான் பாத்துக்கினு இருக்கோம்!"

பொய்ய எப்படி கூசாம சொல்லுது பாரு! உள்ள இழுத்துக்கினு போயி என் காதுல சொல்லிச்சு. "நம்ம மாசம் சூரியக் கணக்கு. அவங்களுக்கு அமாவாசைக்கு மறுநாளு மாசம் பொறந்துடும். அவங்களுக்குப் பால்குணம் வந்துட்டுது, நமக்குப் பங்குனி பொறக்க இன்னும் பத்து நாளு இருக்குது. நான் தான் யோசிக்காம பங்குனியப் பால்குணம்னு சொல்லித் தொலச்சிட்டேன்."

"அதச் சொல்லிட்டா என்னா?"

"சொன்னா வெக்கப்பட்டுத் திரும்பிடுவா. மறுபடி இந்த வாசப்படி மிதிப்பாளா? வாய மூடிக்கினு கயித்துக் கட்டில எடு."

மூணு கட்டில வரிசையா போட்டு மாட்டுக் கயிறால கட்டினோம். முன்னால நெல்லு கொட்டி வக்கிற தகர டின்னு, அது தான் இஞ்சினு. பொகைக்கு குமுட்டி அடுப்புல ஈர வக்கோல போட்டுது அண்ணி. எல்லாரும் இருமி இருமி கண்ணுல தண்ணி! பூவரச எலயச் சுருட்டி ஆளுக்கு ஒரு பீப்பி. மனோ தோள்ல சேப்புத் துண்டப் போட்டுக்கினு ரயிலு கார்டு ஆயிடுச்சு. "ஏகாம்பரகுப்பம்! புத்தூரு! ரேணிகுண்டா!"ன்னு அண்ணி கத்த, ஸ்டேசனுக்கு ஸ்டேசன் வேர்க்கடலையும் வெல்லமும் துன்ன குடுத்தேன். புள்ளைங்க போட்ட கூச்சல்ல தமிழ் எது தெலுங்கு எதுன்னே தெரியல. மனோ அப்படி சிரிச்சி நான் பாத்ததே இல்ல.

அப்ப தான் எங்க அண்ணன் கழனியிலருந்து மம்முட்டியோட வந்து நின்னுச்சு. "என்னாது, பொறந்த நாளா? இன்னும் மாசியே முடியல. பாப்பாவுக்குப் பங்குனி தான?"

போச்சு! பீப்பி சத்தம் நின்னுடுச்சு. வெங்கடலட்சுமிக்குத் தமிழு நல்லா புரியும். மூஞ்சி சுண்டிப் போச்சு. "பதண்டி, பதண்டி", கெளம்புங்கன்னு புள்ளைங்கள கட்டில்லருந்து எறக்க ஆரம்பிச்சா.

அண்ணி அவ கையப் புடிச்சிக்கினுச்சு. "உன்ன வாசல்ல பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிச்சு, வதினா. சொன்னா போயிடுவியேன்னு சொல்லல. ஒண்ணர வருசமா என் புள்ள தனியா பேசிக்கினு கெடக்குது. பொய் சொன்னது தப்பு தான், என்னத் திட்டு. ஆனா போவாத"ன்னு அழுவ ஆரம்பிச்சிடுச்சு. அதோட அம்மா செத்தப்பக் கூட பல்லக் கடிச்சிக்கினு நின்னது அது.

வெங்கடலட்சுமி புள்ளைங்கள எறக்கறத வுட்டா. அப்பறம் பட்டுப்பொடவையோட மண்ணுலயே குந்திட்டா.

"கெணத்தாண்ட நீ சொன்னதுலருந்து பஞ்சாங்கத்தப் பாத்துப் பாத்து நாள எண்ணிக்கினு இருந்தேன். போவாதன்னு அவரு சொன்னாரு. போயே தீருவேன்னு வந்துட்டேன். இப்ப பாதியில திரும்பினா அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்? அடுத்த மாசமும் வர்றோம். நீ வண்டிய வுடு."

அண்ணன் மம்முட்டியத் தோள்லருந்து எறக்காம மரம் மாதிரி நின்னுச்சு.

"நைனா, வழியில நிக்காத, வண்டி வருது"ன்னு மனோ ஒரு அதட்டு போட்டுது. அண்ணன் ஒதுங்கி நின்னுச்சு.

பங்குனி ரோகிணிக்கு மொத நாளு நாகபூஷணம் எங்க வாசல் வரைக்கும் வந்தாரு. உள்ள வரல. தெருவப் பாத்துக்கினு சொன்னாரு: "மொதல் தடவ உங்க வூட்ல ஆச்சு. நாளைக்கு எங்க வூட்ல வச்சிக்கலாம். எங்க கிட்ட நாலு கட்டிலு இருக்குது."

"புள்ளைங்க வெளையாட்டு தான, எங்க நடந்தா என்னா"ன்னு அண்ணனும் கூரையப் பாத்துக்கினு சொல்லிச்சு. ரெண்டு பேருக்கும் கழுத்து திரும்புனா சுளுக்கிக்கும் போல!

மறுநாளு நாலு பேரும் போனோம். அவங்க வாசப்படி கிட்ட வந்ததும் அண்ணன் நின்னுடுச்சு. அண்ணி பொடவையச் சரி பண்ணிக்கினே நின்னுச்சு. நானும் நின்னேன். மனோ எங்க கைய வுட்டுட்டு, ஒரு தடவ கூட திரும்பிப் பாக்காம, உள்ள ஓடிப் போயிடுச்சு. எங்களுக்குத் தான் அந்தப் படியத் தாண்ட கொஞ்ச நேரம் ஆச்சு.