முக்கூடல் குளத்துப் பாம்புத்தாரா

ஸ்கூட்டரில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் தோளை இறுகப் பிடித்தபடி மதினி வந்த அந்தக் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. அண்ணன் மாரடைப்பில் போனபிறகு அவள் வாசலைத் தாண்டியதில்லை. தங்கையான எனக்குத் திருநெல்வேலியில் வங்கி வேலை. ஞாயிறானால் கேமராவோடு பறவைகளைத் தேடிக் குளம் குளமாகச் சுற்றுவேன். அன்று "துணைக்கு வாங்க மதினி" என்று கூப்பிட்டேன். எனக்குத் துணை தேவையில்லை என்பது இருவருக்குமே தெரியும். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னும் வருசம் திரும்பல. குளத்தங்கரையில அவளுக்கு என்ன வேலை?" என்றாள். மதினி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு குளம். மழை பெய்து நிரம்பி, மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் தண்ணீரில் கூட்டமாக மேய்ந்தன. அழகான எதையாவது கண்டால் அவள் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன். அவளோ மருதமரத்தடியில் உட்கார்ந்து வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "ஏட்டி, அங்கன பாரு!" என்று கத்தினாள்.

கரையோரம் யாரோ கட்டியிருந்த நைலான் வலையில் ஒரு பாம்புத்தாரா சிக்கித் துடித்தது. நீந்தும்போது கழுத்து மட்டும் பாம்புபோல வெளியே தெரியும் பறவை அது. மீனுக்கு முங்கியபோது மாட்டியிருக்க வேண்டும். வலைக்காரர் எங்கே என்று நான் தேடுவதற்குள் மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள்.

"மதினி, கண்ணைக் குத்திரும்! அலகு ஊசி மாதிரி இருக்கும்!"

"அப்ப நீ வந்து தலையப் பிடி."

துப்பட்டாவால் தலையை மூடிப் பிடித்துக்கொண்டேன். ஸ்கூட்டர் சாவியாலும் பல்லாலும் அவள் கண்ணி கண்ணியாக அறுத்தாள். விடுபட்ட பறவை தடுமாறிப்போய் ஒரு பாறையில் ஏறி, இறக்கைகளை விரித்து வெயிலில் காயவைத்தது. கேமராவைப் பற்றிய நினைவே எனக்கு இல்லை.

அதற்குள் வலைக்காரர் வந்துவிட்டார். "யாரு என் வலைய அறுத்தது?"

"நான்தான் அண்ணாச்சி. போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம போனா இன்னும் அறுப்பேன்."

அண்ணனை வீடதிரச் சண்டைக்கு இழுக்கும் பழைய குரல் அது. கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அவர் பறவையைப் பார்த்தார், சேறு அப்பிய மதினியைப் பார்த்தார். "சரி தாயி, இனிமே விடியமுன்ன எடுத்திருதேன்" என்றார். பார்ப்பதற்கு ஏதாவது கிடைத்தால் போதும் என்று நான் அவளை அழைத்துப் போனேன். அவளுக்கு வேண்டியிருந்தது கைகளுக்கு ஒரு வேலை.

போன வாரம் வங்கியில் இருந்தபோது மதினியின் போன் வந்தது. "ஏட்டி, ஏரல் ஊர்ல நிக்கேன். ஆத்துக்குள்ள மரம் பூரா நீர்க்காக்கா கூடு. குஞ்சு அம்மை வாய்க்குள்ள தலைய விட்டு மீனு எடுக்கு. வெரசா வா."

"தனியாவா போனீங்க?"

"பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டியாந்தேன். அவளும் எத்தன நாளுதான் வீட்டுக்குள்ளயே கெடப்பா?"

போனில் பறவைகளின் கரகரப்போடு இரண்டு பெண்களின் சிரிப்பும் கேட்டது. மேலாளரிடம் அரைநாள் விடுப்புக் கேட்க எழுந்தேன்.