சந்தனம் வைத்த ஸ்லிட்

எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் ஒளியைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்பது ஒரு காரணம். இன்னொன்று போகப்போகத் தெரியும்.

போன வாரம் காமாட்சி கோயில் வாசலில் சாவிக்கொத்து லேசர் விற்றார்கள். மதிலில் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் சூடான தகரமும் கற்பூரமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. நான் உதவியாளாக இருந்த கல்லூரி இயற்பியல் இருட்டறையின் வாசனை அது. சோடியம் விளக்கு முதலில் ரோஜா நிறமாக முனகும், பிறகு மஞ்சளாகும். அதன் முன்னே ஸ்லிட், மயிரிழை அகலத்தில் ஒரு பித்தளைப் பிளவு. அதில் நுழைந்த வெளிச்சம் இரட்டைப் பிளவைத் தாண்டினால் லென்ஸில் கருப்பும் மஞ்சளுமாகக் கோடுகள் தெரியும்.

அது ஏன் என்று பாடம் நடத்தும் எங்கள் மேடத்தைக் கேட்டிருக்கிறேன். "ஏகாம்பரநாதர் பல்லக்குக்குத் தோள் கொடுக்கற ஆளுதானே நீ? எப்படிப்பா நடப்பீங்க?"

"பக்கத்து ஆளோட கால் சேரணும். கிளம்பின தாளம் நிலைக்கு வர்ற வரைக்கும் தப்பக்கூடாது மேடம்."

"வெளிச்சமும் அலைதான், அதேதான். ரெண்டு பிளவுலேர்ந்து வர்ற அலை கால் சேர்ந்த இடம் மஞ்சள், சேராத இடம் கருப்பு. முன்னாடி இருக்கற பிளவு சின்னதா இருந்தா பக்கத்துல பக்கத்துல கால் சேர்ந்து வரும். விளக்கு ஒரே நிறமா இருந்தா ரொம்ப தூரம் தப்பாம வரும்."

அன்று எனக்கு ஒரு சுற்று உடம்பு பெருத்தது.

ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் சந்தனம் வைப்பேன். ஒரு வருஷம் பக்தி கூடிப்போய் ஸ்லிட்டின் நடுவிலேயே வைத்துவிட்டேன். காய்ந்து அடைத்துக்கொண்டதைச் செய்முறைத் தேர்வன்று காலையில்தான் பார்த்தேன். ஊக்கால் சுரண்டினேன். விளிம்பு வளைந்து பிளவு அகன்றுவிட்டது. வெளிச்சம் தாராளமாக வருகிறதே என்று சந்தோஷம் வேறு.

அந்த மேஜை தாமலிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி கோமதிக்கு விழுந்தது.

"அண்ணா, வெளிச்சம் பளிச்சுனு இருக்குது. கோடுதான் காணோம்."

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் குனிந்து பார்த்தார். "ஸ்லிட்டை ஏம்மா இவ்ளோ திறந்தே?"

"நான் தொடவே இல்ல சார்."

"தானா திறந்துக்கிச்சா? கால் மணி நேரம் தரேன். கோடு வரலன்னா மார்க் இல்ல."

நான் வாய் திறக்கவில்லை. ஷேவிங் பிளேடை இரண்டாக உடைத்து, ஓட்டை போட்ட அட்டையில் இரு விளிம்பும் தொட்டும் தொடாமலும் நிற்க ஒட்டி, ஸ்லிட் இடத்தில் வைத்தேன். வெளிச்சம் மங்கியது. கோமதி கண்ணை வைத்தாள்.

"வந்துக்கினு இருக்குதுண்ணா."

தேர்வாளர் பார்த்துவிட்டு, "யார் செஞ்சது?" என்றார்.

"எங்க லேப் அண்ணன் சார்."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எட்டாங்கிளாஸ் கை. ஈசன் கொடுத்த பெருமை, இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் அப்போதும் சந்தனத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்தப் பெண் எனக்கு நன்றி சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினாள்.

இப்போது அங்கே லேசர்தான். அந்த ஒளி கிளம்பும்போதே கால் சேர்ந்து வருகிறது. மஞ்சள் விளக்கு போயிற்று, ஸ்லிட் போயிற்று, சந்தனம் அடைக்க இடமும் இல்லை. இதை யாருக்காவது சொன்னால் முழுசாகச் சொல்லுங்கள். பிளேடைச் சொல்லிச் சந்தனத்தை விட்டுவிடாதீர்கள். கோமதி அந்த ஸ்லிட்டைத் தொடவே இல்லை.