வெளுக்காமல் போன ஒரு பல்

மகளுக்குப் பூ வைத்து நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்ததும், வீட்டில் எல்லாரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தேன். ஷிப்டுக்கு ஐந்தாறு டீ. பல்லெல்லாம் டீ நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது. எனக்கு அது தெரியாது. கண்ணாடி பார்ப்பது மீசைக்காக மட்டும்.

மகள் விடவில்லை. டவுன்ஷிப்புக்கு வெளியே புதிதாகத் திறந்திருந்த பல் கிளினிக்கில் பெயர் கொடுத்துவிட்டாள். லேசர் வைத்துப் பல்லை வெளுப்பாக்குவார்களாம். வெள்ளிக்கிழமை மாலை என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார். பார்ப்பதற்குத் திறந்து வைத்த தபால்பெட்டி மாதிரி இருந்திருப்பேன். ஈறுகளில் எதையோ பூசினார், கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார். பிறகு ஏதோ நீளமாகச் சொல்லி, "பரவால்லையா அங்கிள்?" என்று கேட்டார். மெஷின் இரைச்சலில் கடைசி வார்த்தைகள் மட்டும்தான் காதில் விழுந்தன. வலி பரவாயில்லையா என்று கேட்கிறார் போல என்று நினைத்து, "ஆ... ஆ..." என்று தலையை ஆட்டினேன்.

எல்லாம் முடிந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பல்லெல்லாம் பால் போல இருந்தது. நட்டநடுவில் ஒன்று மட்டும் அதே டீ நிறத்தில் தனியாக நின்றது.

"அது கேப் அங்கிள். லேசர்ல மாறாது, அப்புறமா புதுசு போட்டுக்கலாம்னு சொன்னேனே. நீங்க சரின்னு தலையாட்டுனீங்க."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பல வருஷங்களுக்கு முன்பு ஷட்டில் ஆடும்போது என் ஜோடிக்காரரின் மட்டை பட்டு உடைந்த பல் அது. அதன் மேல் உறை மாதிரி, மற்ற பற்களின் நிறத்துக்குப் பொருத்தமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட கேப். புதுசு போட இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டுமாம். அதுவும் போதாதென்று, பல்லில் மறுபடி கறை பிடிக்காமல் இருக்க, இரண்டு நாளைக்கு வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து வாயைத் திறந்து காட்டினேன். மகள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனைவிக்குத்தான் கோபம்.

"முன்னாடி எல்லாப் பல்லும் ஒரே அழுக்கா, ஒத்துமையாவாவது இருந்துச்சு!"

ஞாயிறு காலை சேத்தியாத்தோப்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரைப் பேச விட்டுவிட்டு, நான் வாயைத் திறக்காமல் மூலையில் நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா என் மனைவியிடம், "சம்பந்தி ஏன் பேசவே மாட்டேங்கறாரு? எங்க மேல எதுனா வருத்தமாங்க?" என்று கேட்டுவிட்டார்.

"இல்லீங்க, அவரு மௌன விரதம்" என்றாள் அவள், யோசிக்காமல்.

எல்லாருக்கும் இலையில் சாம்பார், வடை, கேசரி, பலாச்சுளை என்று பரிமாற, எனக்கு மட்டும் ஊறுகாய்கூட இல்லாமல் தயிர்சாதம். விரதம் என்றதால் அதையும் யாரும் கேட்கவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பிட்டு எழுந்த மாப்பிள்ளை திடீரென்று பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் காலில் விழுந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்க மாமா" என்றார். என்னை முன்பு பார்த்ததில்லை; வந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்த அவரைத்தான் பெண்ணின் அப்பா என்று நினைத்துவிட்டார். அந்த மனிதரும் பதறிப்போய், "நல்லா இருப்பா" என்று ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

எனக்கு அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். "அண்ணே, பல்லுல பலாச்சொள மாட்டிக்கினு இருக்குது பாருங்க" என்று வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

"இவரு பலாப்பழமே சாப்பிடலியே!" என்றார் ஒரு பெரியம்மா.

இனி மறைத்துப் பயனில்லை. லேசர், கேப், மௌன விரதம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நிச்சயம் நின்றுவிடுமோ என்று எனக்கு வியர்த்தது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"இதுக்கா சம்பந்தி இம்மாம் பயந்தீங்க? இங்க பாருங்க" என்று கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, மேல்வரிசைப் பல்செட்டையே கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார்.

அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மகள் மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டாள், பட்டுப்புடவையோடு. அவளை எழுப்பி நிற்க வைத்துத்தான் பூ வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து எனக்குப் புதுக் கேப் போட்டார்கள். அன்று சாயங்காலமே சம்பந்தியிடமிருந்து போன். "அந்த லேசர்ல என் செட்டு வெளுக்குமான்னு டாக்டரம்மாவ கேட்டு சொல்லுங்க சம்பந்தி."

கேட்டேன். லேசரெல்லாம் வேண்டாம், தினமும் ராத்திரி கழற்றி பிரஷ் போட்டுக் கழுவினால் போதும் என்றார். அதையே சம்பந்தியிடம் சொன்னேன்.

"அதத்தாங்க எங்க வூட்ல இத்தினி வருஷமா கத்திக்கினு இருக்கா" என்றார்.