வாலைப் பார்த்தேன், தலையைப் பார்க்கவில்லை

நகரியில் எங்கள் தறிக்கொட்டகையில் எலித்தொல்லை. நூல் மூட்டையடியில் கிடைத்த பாம்புக் குட்டியை என் கணவர் டப்பாவில் போட்டார்.

"சாரைதான். வளரட்டும், எலியத் துன்னும்" என்றார்.

எங்கள் ஊரில் சாரையெல்லாம் ஆண், நல்ல பாம்பெல்லாம் பெண் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வாலின் அடி தடித்திருந்தால்தான் ஆண் என்று படித்த ஞாபகம். மறுநாள் குட்டியைக் கையிலெடுத்து வாலைத் திருப்பினேன்.

"சாரைன்னா ஆணுதான். இன்னா பாத்துக்கினு கீற?" என்றார் மாமியார்.

குட்டி சரேலென்று தலைதூக்கிப் படமெடுத்தது. உதறினேன். நல்லவேளை, கடிக்கவில்லை, வேலிப்பக்கம் ஓடிவிட்டது.

வாசலுக்குப் பாய்ந்திருந்த மாமியார், "அப்போ பொட்டைதாம்மே!" என்றார்.

இப்போதெல்லாம் யார் குட்டியைக் காட்டினாலும், ஆணா பெண்ணா என்று நான் பார்ப்பதில்லை. என்ன பாம்பு என்று எட்ட நின்று கேட்கிறேன்.