சரோஜாம்மாவின் அளவு ஜாக்கெட்

"அந்தத் தையக்கடைக்கு மட்டும் போவாத. எத்தக் குட்த்தாலும் கோணியாட்டம் தச்சுக் குடுக்கறாங்க."

கொரட்டூர் ஸ்டேஷனில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள். சொன்னது எங்கள் கடையைத்தான். தையற்கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்பு மாறினாலும் குற்றம் கத்தரிக்கோலுக்குத்தான். எண்பதுகளின் கடைசியில், பி.ஏ. முடித்த கையோடு, மேரியக்காவின் கடையில் துணி வாங்கி வைக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன்.

பழசை மாற்றியது யார்?

எங்கள் பக்கம் யாரும் டேப்பில் அளவு கொடுக்க மாட்டார்கள். நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கையைக் கொண்டுவந்து போடுவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். அறுபத்தைந்து வயது சரோஜாம்மா வருடக்கணக்காக ஒரே நீல ஜாக்கெட்டைத்தான் கொண்டுவருவார். அந்தத் தீபாவளிக்குத் தைத்தது தோளில் நிற்கவில்லை என்று சண்டைக்கு வந்தார். மேரியக்கா புதியதைப் பழையதன் மேல் விரித்துக் காட்டினார். நூலளவு வித்தியாசம் இல்லை. சரோஜாம்மா இரண்டையும் தடவிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. அப்ப பழச எப்பமா மாத்துன?"

அண்டா விலை

புதியதைத் தோளில் பிடித்துத் தைத்துக் கொடுத்தோம். அடுத்த வாரம் கொக்கி முரண்டு பிடிக்கிறது, பிரஸ் பட்டன் வை என்று வந்தார். நான் மாட்டினேன், சுலபமாக மாட்டியது. அவர் விரல்தான் நடுங்கியது. எழுந்திருக்க மேசையை இரண்டு கையாலும் பிடித்தார்.

அன்று முதல் அவர் வீடு திரும்புவதைக் கவனித்தேன். நாலு கடை தாண்டுவதற்குள் பாத்திரக்கடையில் உட்கார்ந்தார். அடுத்து வளையல் கடை. எதுவும் வாங்கவில்லை, பேரம் மட்டும் பலமாக நடந்தது. பாத்திரக்கடைக்காரர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

"அந்தம்மா தெனிக்கும் குந்திகினு அண்டா வெல கேக்குதே, ஊட்ல கண்ணாலமா?"

டேப் எடுத்த நாள்

பெரியவர்கள் மேல் டேப் வைக்க எனக்குக் கூச்சம். மேரியக்கா இல்லாத நேரம் பார்த்து ஒருநாள் வைத்துவிட்டேன். உடம்பு அளவு ஜாக்கெட்டுக்கு நாலு விரல் குறைவு. மெல்லக் கேட்டதில் விஷயம் வந்தது. மகனும் மருமகளும் அம்பத்தூரில் வேலை. ஒற்றை ஆளுக்கு உலை வைப்பானேன் என்று பகலில் டீயும் பன்னும். ராத்திரி பசியில்லை என்று ஒரு வாய் மோர். மருமகளிடம் சொல்லாதே என்று என் கையைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை.

"தெரிஞ்சா என்ன ஊட்டோட போட்டு வச்சிருவாங்க பாப்பா. இந்தக் கடத்தெருவும் இல்லன்னா நா இன்னாத்துக்கு?"

டாக்டர் யார் கட்சி?

மருமகள் கலைச்செல்வி வந்தபோது தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டேன். வயசானால் இளைக்கத்தான் செய்யும் என்று அவள் விட்டிருந்தாளாம். டாக்டரிடம் கூட்டிப்போனாள். வியாதி இல்லை, சாப்பாடு குறைந்து சதை கரைந்திருக்கிறது. முட்டையும் பருப்பும் கொடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழட்டும், படுக்க மட்டும் விடாதீர்கள் என்றாராம். என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்த சரோஜாம்மா, செய்தி சொல்லத் தாமே வந்தார்.

"நடக்காதன்னு சொல்லுவாருன்னு மருமவ இட்டுகினு போனா. அவரு இன்னும் நடங்கறாரு."

முட்டைதான் இறங்கவில்லை. தனியாகத் தின்னப் பிடிக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை நடையின் பாதியில் மாமியாரும் மருமகளும் எங்கள் கடையில் உட்கார்ந்தார்கள். கலைச்செல்வி டிபன் டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையை உரித்து, இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மறுபாதியை மாமியார் கையில் வைத்தாள்.

சரோஜாம்மா உப்பு கேட்டு வாங்கி, தொட்டுத் தின்றார்.