சைரன் வேகம்

ஓக்லாவில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டறையில் சாதாரண வேன்களை ஆம்புலன்ஸாக மாற்றுகிறோம். என் கணவர் டிசைன், நான் கொள்முதல். இவர் வரைவதை நான் எங்கிருந்தாவது வாங்கி வர வேண்டும். ஆர்.கே.புரம் வீட்டுக்குள் ஆபீஸ் பேச்சு கூடாது என்று கல்யாணமான புதிதில் ஒரு விதி போட்டிருந்தோம். அந்த வாரம் அது காற்றில் பறந்தது.

காரணம், பின்சக்கரங்களுக்கான லீஃப் ஸ்பிரிங். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சமாசாரம். வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் குலுக்கலை வாங்கிக்கொள்வதும் அதுதான். வழக்கமாகக் கொடுப்பவர் கையை விரித்துவிட, ஃபரீதாபாத்தில் ஒரு புது ஆளைப் பிடித்தேன். சாமான் வந்ததும் இவர் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது தாங்காது."

"அழுத்திப் பாத்து எல்லா ரிப்போர்ட்டும் குடுத்திருக்கான். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"ரிப்போர்ட் ரோட்டுல ஓடாது."

எனக்குச் சுருக்கென்றது. இது உடைந்தால் அந்த ஃபரீதாபாத் ஆளை இழப்பதோடு முடியாது. இனி நான் கொண்டுவரும் எதையும் பட்டறையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது ஸ்பிரிங் மாட்டினால், வாங்கியவர் ஸ்ட்ரெச்சரில் படுக்க வேண்டும், வரைந்தவர் ஓட்ட வேண்டும். நோயாளி படுகிற பாடு வாங்குகிறவருக்குத் தெரியட்டும் என்று முதலாளி வைத்தது. படுத்தேன். முகத்தைப் பார்க்காமல் இவரே பெல்ட்டைக் கட்டினார்.

கண்ணுக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. காது கீழே பட்டைகளிடம் இருந்தது. எப்போது முறிகிற சத்தம் வருமோ என்று ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டியோ ஊர்ந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் பிரேக்.

"என்னங்க, கல்யாண ஊர்வலமா போறோம்? சைரன் போட்டா ஆம்புலன்ஸ் டிரைவர் பையா எப்படிப் போவாரோ அப்படிப் போங்க."

"உடைஞ்சா?"

"உடையட்டும். ஜல்தி."

மிதித்தார். முதல் மேட்டில் உடம்பு பெல்ட்டோடு எழும்பி விழுந்தது. இரண்டாவதில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவதில் முதுகில் யாரோ கட்டையால் அடித்தது போல இருந்தது. ஸ்பிரிங் உடையவில்லை.

வண்டியை நிறுத்தி, கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். விரிசல் இல்லை.

"அச்சா, உன் ஆள் பாஸ்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பெல்ட்டை அவிழ்த்த பிறகும் என்னால் எழுந்து உட்கார முடியவில்லை.

"ஸ்பிரிங் பாஸ். உங்க டிராயிங்தான் ஃபெயில். வண்டி நிறைய ஆள் ஏறினா சரியா இருக்கும். ஒத்தை நோயாளி படுத்தா ரொம்ப விறைப்பு. எலும்பு முறிஞ்சவன் தாங்க மாட்டான்."

நம்பவில்லை என்று இவர் முகமே சொன்னது. நான் ஒருவழியாக இறங்கியதும் சாவியை என் கையில் வைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். எங்கள் வழக்கத்திலேயே இல்லாத காரியம்.

கோபம் தணியவில்லை. குலுக்கி எடுத்துவிடுவது என்றுதான் கிளம்பினேன். முதல் மேடு கண்ணில் பட்டதும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"சைரன்" என்றார் பின்னாலிருந்து.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி ஏறி விழுந்தபோது "அம்மா" என்று கத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த மேட்டுக்கு வேகத்தைக் கூட்டினேன்.