சம்பந்தியின் மௌன விரதம்

நெல்லித்தோப்பில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரு டிவி இருக்கிறது. கடைக்காரர் எப்போதும் அதன் சத்தத்தை நிறுத்தியே வைத்திருப்பார். போன வாரம் அதில் ஓர் அம்மாள் ரசம் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். புளியை ரொம்பக் கரைக்காதீர்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

"இன்னாக்கா, சவுண்டே இல்ல. யாருக்குத் தலையாட்டறீங்க?" என்றார் கடைக்காரர்.

உதட்டைப் பார்த்தால் எனக்குப் பேச்சு பாதி புரிந்துவிடும். அதை அவருக்கு விளக்க வேண்டுமென்றால் என் தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும். டீ ஆறிவிடும். உங்களுக்கு அவசரமில்லை என்று நினைக்கிறேன்.

தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, மில்லில் தறி ஓட்டியவர். தறிக்கூடத்தில் அத்தனை தறிகளும் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காதாம். அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் நன்றாக அசைத்துப் பேசுவார்கள். மிச்சத்தைக் கை சொல்லும். இரண்டு விரலை விரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். தாத்தாவின் மேஸ்திரிக்கு மீசையே கிடையாது. அப்படியும் சைகை அதுதான்.

ஓய்வு பெற்றபோது அவருக்குக் காது முழுக்கப் போயிருந்தது. வீட்டிலும் பேச்சோடு சத்தத்தைச் சேர்க்க மறந்துவிடுவார். "மாமா, வாய் அசையுது, பேச்சக் காணோம்" என்று அம்மா சிரிப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் எதிரிலேயே கிடந்த எனக்கு அது பழகிவிட்டது.

அவர் மனைவி இறந்தபோது கடைசிப் பெண்ணுக்கு, என் அத்தைக்கு, மூன்று வயது. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் புருவத்தில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, கை கால் கழுவி, அத்தைக்குத் தலை பின்னுவார். அறுந்த இழையை நொடியில் முடிந்துவிடும் விரல்கள் அவை. அவர் போட்ட பின்னல் மறுநாள் மாலை வரை கலையாது. அத்தை எப்போதும் முந்தின நாள் பின்னலோடுதான் பள்ளிக்கூடம் போனாளாம். வளர்ந்து பெரியவளான பிறகும் அவள் தலை அவர் கையில்தான்.

அத்தைக்கு இரண்டு வரன்கள் தட்டிப்போயின. பெண்ணைப் பிடித்துத்தான் இருந்தது. தாத்தாவைப் பார்த்த பிறகு, "செவுடு வம்சத்துல வருமோ என்னவோ" என்று பின்வாங்கினார்கள். மில்லுக்குப் போகுமுன் நன்றாகக் கேட்ட காது என்று அப்பா சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

மூன்றாவது வரன் கதிர்காமத்திலிருந்து. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மளிகைக்கடை என்றார் தரகர். எழுபத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம், சனிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு வருவதாக ஏற்பாடு. மத்தியானம் தாத்தா அத்தைக்குப் பின்னி முடித்துப் பூ வைத்தார். அப்பா அவருக்கு நேர் எதிரே வந்து நின்று நிதானமாகக் கேட்டார்:

"இன்னிக்கு மட்டும் பின்பக்கம் இருந்துக்கிறியாப்பா?"

தாத்தா சீப்பில் இருந்த முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே சரியென்று தலையசைத்தார். அத்தைதான் விடவில்லை.

"அப்பா கூடத்துல உக்காராட்டி நான் காபித் தட்டத் தொடமாட்டேன். வர்றவங்களுக்கு நீயே எடுத்துட்டுப் போய்க் குடுண்ணா."

அப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். தாத்தாவுக்கு நெற்றி நிறைய நாமம் போட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். வந்தவர்களிடம், "அப்பாவுக்கு சனிக்கிழம மௌன விரதம்" என்றார். தாத்தா யூனியன்காரர். அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

"பக்தியான குடும்பம்" என்று மாப்பிள்ளையின் அம்மா மகிழ்ந்தார். மாப்பிள்ளையின் அப்பாவோ, யார் பேசினாலும் தாத்தாவின் பார்வை பேசுகிறவர் வாய்க்குப் போவதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். அம்மா கேசரியை வைத்துவிட்டு நகர்ந்ததும், தாத்தாவைப் பார்த்து மெல்லத் தன் மீசையை முறுக்கினார்.

தாத்தா சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

மேஸ்திரி வரவில்லை. எதிரே பெரியவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். "எந்த மில்லு?" என்று உதட்டை மட்டும் அசைத்தார். கடை வைப்பதற்கு முன் எட்டு வருஷம் தறி ஓட்டியவராம். அதைத் தரகர் சொல்லவில்லை. பிறகு இருவரும் பேசினார்கள், பேசினார்கள், கேசரி ஆறும்வரை பேசினார்கள். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்பாவுக்குச் சட்டை நனைந்துவிட்டது. அம்மா என்னைக் கிள்ளினாள்.

"என்னாடி பேசறாங்க?"

"தறியப் பத்திம்மா."

அப்புறம் பெரியவர், "காது மில்லுல போச்சா?" என்றார். தாத்தா ஆமாம் என்றார். பெரியவர் தன் இடது காதைத் தொட்டு, இதுவும் அங்கேதான் என்று காட்டினார். "பொண்ணு உங்கள விட்டுட்டு இருந்துடுமா?"

"அது இருந்துடும். நான்தான்..." தாத்தாவின் உதடு அங்கேயே நின்றது. கையும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவர் எழுந்து தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார்: "சம்பந்தி வெரதத்த முடிச்சிக்கலாம். நாங்க பேசிட்டோம்."

கல்யாணத்துக்குப் பிறகு தாத்தா ஞாயிறுதோறும் கதிர்காமம் போனார். மளிகைக்கடையில் இருவரும் எதிரெதிரே வாயையும் கையையும் ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, சண்டையோ என்று சரக்கு வாங்க வந்தவர்கள் தயங்கி நிற்பார்களாம். எண்பதுகள் முடிவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். கடை இருந்த இடத்தில் மாடிவீடு வந்துவிட்டது. மில்லும் மூடிவிட்டது. அந்தப் பேச்சு தெரிந்தவர் எவரையும் நான் சந்தித்து வெகுகாலம் ஆகிறது.

கல்யாணத்தன்று வேனில் ஏறுமுன் அத்தை தாத்தாவின் காலில் விழுந்தாள். அவள் நிமிர்ந்ததும் தாத்தா ஏதோ சொன்னார், நீளமாக, சத்தமே இல்லாமல். கண்ணீரில் அத்தைக்கு எதுவும் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அந்த நேரம் மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாத்தாவிடம் எத்தனையோ முறை கேட்டேன். சிரிப்பார், சொல்லமாட்டார்.

"நீ நெஜமாவே பாக்கலியாடி?" என்று அத்தை இப்போதும் கேட்கிறாள்.

வேன் புறப்பட்டது நாலு பத்துக்கு. அது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.